யூட்டுக்கு ஒண்டுமில்லை

பொலிஸ் வந்து ஷரோனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன ஐந்தாம் நாள்தான், அவளுடைய அறைக்குள் இன்னொரு உயிர் இருப்பது கிளடிசுக்கு ஞாபகம் வந்தது. அதையும் ஷரோன்தான் ஞாபகப்படுத்தினாள்.

நொவெம்பர் மாதம், பின்னேரம் நாலரை மணி. மல்வேர்னில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். வேலையால் வந்த கிளடிஸ் ஈரச் சப்பாத்தைக் கழற்றுவதற்கென்று படிக்கட்டில் இருந்தவள், கழற்றாமலே இருந்துவிட்டாள். கைத்தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி இலக்கம். ஐந்து நாளும் அம்மாவோடு கதைக்கமாட்டேன் என்று தாதியிடம் சொல்லியனுப்பிய பிள்ளை, தானாகவே எடுத்திருந்தாள்.

“குஞ்சு, சாப்பிட்டனியோ?”

“யூட் எப்பிடி இருக்கிறான்?”

“நல்லா இருக்கிறான்.”

கேள்வி விளங்க முன்னமே வாய் பதில் சொல்லிவிட்டது.

யூட் என்பது ஒரு பச்சோந்தி. ஓகஸ்டில் ஒரு நாள், வான்கூவருக்குப் போகிற யாரோ சிநேகிதி விட்டுவிட்டுப் போகிறாள் என்று ஷரோன் அதை வலைக்கூட்டோடு கொண்டுவந்து தன் அறையில் வைத்தாள். வாலோடு சேர்த்தால் ஒரு முழம் வரும். தலையில் கூராக ஒரு கொண்டை. கண்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சுழலும். மிருகப் பராமரிப்புப் படித்துக்கொண்டிருந்த ஷரோன் இரண்டாம் வருடத்தோடு கல்லூரிக்குப் போகாமல் விட்டிருந்தாள். வயது இருபத்துமூன்று. தாயோடும் தகப்பனோடும் நாளுக்கு நாலு சொல்கூடக் கதைப்பதில்லை. அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் ஒரு ஓணானைக் கொண்டுவந்து அதற்கு யூட் என்று பெயரும் வைத்தபோது கிளடிஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அர்ச்சிஷ்டவரின்ரை பேரையோடி ஓணானுக்கு வைக்கிறது?”

“கைவிட்ட கேசுகளுக்குப் பாதுகாவலர் அவர்தானே அம்மா” என்று சொல்லிவிட்டு ஷரோன் கதவைச் சாத்தினாள். அது பகிடியா இல்லையா என்று கிளடிசுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. தகப்பன் தேத்தண்ணிக்குள் ஏதோ கலக்கிறார் என்றாள். சூடு வருகிற துவாரங்களையெல்லாம் ரேப் ஒட்டி அடைத்தாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வெறுங்காலோடு ரோட்டில் நின்று, தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று அயலவர்களைக் கூப்பிட்டுக் கத்தினாள். யாரோ பொலிசுக்குப் போன் அடித்தார்கள்.

“பொய் சொல்லாதீங்கோ. ரூமுக்குள்ள போனீங்களோ?” என்றாள் ஷரோன் தொலைபேசியில்.

“இன்னும் இல்லைப் பிள்ளை…”

“அஞ்சு நாள் அம்மா!”

“இந்தா போறன். வைக்காதை. போனை வைக்காதை.”

சப்பாத்துக் காலோடேயே மேலே ஏறினாள். யன்னலெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. மூலையில் கூடு மட்டும் வெளிச்சமாக நின்றது. நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணையும்படி ஷரோன் விளக்குகளைப் பூட்டியிருந்தபடியால் அவை தம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன. உள்ளே தொட்டியில் வைத்த மணிப்பிளாண்ட் வாடித் தொங்கியது. அடியிலே ஒரு தடியில் அது இருந்தது.

“என்ன கலர்?”

“கறுப்பு. கரிக்கட்டை மாதிரிக் கிடக்கு.”

“கண்?”

“உள்ள போயிட்டுது. பிள்ளை, இது செத்துப்போச்சுப் போலை.”

“கால் தடியைப் பிடிச்சுக்கொண்டிருக்கோ, விட்டுட்டுதோ?”

கிளடிஸ் குனிந்து பார்த்தாள். “பிடிச்சுக்கொண்டுதான் இருக்கு.”

“அப்ப இருக்கிறான். மேசைக்குக் கீழ ஸ்பிறே போத்தல் இருக்கு. வெதுவெதுப்பான தண்ணி நிறையுங்கோ. சூடு வேண்டாம், கை பொறுக்கிற அளவு.”

கிளடிஸ் குளியலறைக்கு ஓடிப்போய் நிறைத்துக்கொண்டு வந்தாள்.

“அவனுக்கு மேல அடிக்காதீங்கோ. இலைக்கு அடியுங்கோ. கோப்பையில தண்ணி வைச்சால் குடிக்கமாட்டான். அசையாமல் கிடந்தால் அது தண்ணியெண்டு அவனுக்குத் தெரியாது. இலையில துளியா மினுங்கவேணும்.”

“அடிக்கிறன்.”

“அம்மா, அவனை நேராப் பாக்கிறீங்களோ?”

“பாக்காமல் என்னெண்டு அடிக்கிறது?”

“பாக்காதீங்கோ. ரெண்டு கண்ணாலயும் நேராப் பாத்தால் தன்னைத் தின்ன வந்திருக்கிறியள் எண்டு நினைப்பான். வேற எங்கையோ பாக்கிற மாதிரிப் பக்கவாட்டில நில்லுங்கோ. கையை மேலால கொண்டுபோகாதீங்கோ. மேலால வாறதெல்லாம் அவனுக்குப் பருந்து.”

சுவரைப் பார்த்துக்கொண்டு, கையை மட்டும் பக்கத்துக்கு நீட்டி, கிளடிஸ் இலைகளுக்குத் தண்ணீர் அடித்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசி. அதற்குள் ஷரோனின் மூச்சு கேட்டது. ஒரு பத்து நிமிடம் இருக்கும். கடைக்கண்ணால் பார்த்தபோது, அந்தக் கரிக்கட்டை கழுத்தை ஒரு அங்குலம் நீட்டி, இலை நுனியில் வாயை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

“குடிக்குது.”

“சரி. நாளைக்கு எடுக்கிறன்” என்று ஷரோன் வைத்துவிட்டாள்.

கிளடிஸ் தொலைபேசியைப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடம். ஒரு வருடமாகப் பிள்ளை தன்னோடு கதைத்த கதை எல்லாவற்றையும் கூட்டினாலும் இருபத்திரண்டு நிமிடம் வராது என்று நினைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

கிளடிசுக்கு வேலை ஒரு பெரிய சலவைக் கொம்பனியில். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள்தான் அங்கே வரும். அவித்துக் கழுவி ஈரமாக வருகிற விரிப்பின் இரண்டு முனையை அவளும் மற்ற இரண்டு முனையை எதிரில் நிற்கிறவளும் பிடித்து, உதறி, சூட்டு றோலருக்குள் விட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு நாலு. வெளியில் பனி கொட்டினாலும் உள்ளே புழுங்கும். பதினாறு வருடமாக அவள் பிடித்த விரிப்புகளில் யார் படுத்தார்கள், யார் செத்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்தவளில்லை. இப்போது ஒவ்வொரு விரிப்பும் ஷரோனின் கட்டிலில் இருந்து வந்ததோ என்று கண் தேடியது. கோயிலில் கேட்டவர்களுக்குப் பிள்ளை மொன்றியலில் படிக்கிறாள் என்று சொல்லி வைத்தாள். வேலையிடத்தில் யாரும் கேட்கவில்லை.

மூன்றரைக்கு வேலை முடியும். நாலரைக்கு அழைப்பு வரும். அதற்குள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, அறைக்குள் போய், பக்கவாட்டில் நின்று பார்த்து வைத்துக்கொள்வாள். என்ன நிறம், எந்தத் தடி, எத்தனை பூச்சி தின்றது, கழிவு வெள்ளையா மஞ்சளா. ஷரோன் எல்லாம் கேட்பாள். விடை பிசகினால் கோபிப்பாள்.

“மேல இருக்கிற குண்டு லைட் வெயிலுக்கு. நீளமா இருக்கிற ரியூப் லைட் எலும்புக்கு. அது ஆறு மாசத்தில மாத்தவேணும். எரிஞ்சாலும் மாத்தவேணும்.”

“எரியிற லைட்டை ஏனடி மாத்துவான்?”

“வெளிச்சம் வரும், சத்து வராது. அது எங்கடை கண்ணுக்குத் தெரியாது. எலும்பு வளைஞ்ச பிறகுதான் தெரியும்.”

உயிர்ப் பூச்சி வேண்டும் என்றாள். கிளடிஸ் ஷெப்பர்ட் வீதியில் ஒரு பிராணிக் கடையைத் தேடிப் போனாள். அங்கே வேலை செய்த பிரவீனன் தமிழ்ப் பொடியன், முப்பது வயதிருக்கும். கையில் பாம்பு பச்சை குத்தியிருந்தான். பெட்டிக்குள் துள்ளிய கிறிக்கெட் பூச்சிகளைக் கண்டு அவள் இரண்டடி பின்னால் போனாள்.

“அன்ரி, பயப்பிடாதீங்கோ, கடிக்காது. உங்கடை கமீலியனுக்கு எத்தினை வயசு?”

“ஆருக்குத் தெரியும். மகளின்ரை.”

“மகள் வரேல்லையோ?”

“அவ மொன்றியலில.”

“ஓகே. பூச்சி அவனின்ரை ரெண்டு கண்ணுக்கும் இடையில இருக்கிற அகலத்தை விடப் பெரிசா இருக்கக்கூடாது. இந்த வெள்ளைப் பவுடருக்குள்ள போட்டுக் குலுக்கிப்போட்டுக் குடுங்கோ. கல்சியம்.”

மீன் பொரிக்க மாப் பிரட்டுகிற மாதிரிப் பூச்சியைப் பவுடரில் பிரட்டப் பழகினாள். முதல் கிழமை கையுறை போட்டாள். பிறகு அதையும் விட்டாள். பூச்சிகளுக்கும் கரட் சீவிப் போட வேண்டியிருந்தது. அதுகளின் இரைச்சல் வீடு முழுக்கக் கேட்டது.

புருசன் பஸ்ரியனுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. அவர் பேசாலைக்காரர். பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் மெசினில் நிற்கிறவர். ஷரோனைக் கொண்டுபோனதிலிருந்து அவர் தேத்தண்ணி குடிப்பதை விட்டிருந்தார். யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

“உதை வெளியில விடு. விறைச்சுச் சாகட்டும்” என்றார் ஒரு நாள், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடி.

“பிள்ளை கேப்பாள்.”

“பிள்ளை ஓணானைக் கேப்பாள். அப்பா எப்பிடி எண்டு ஒரு நாள் கேட்டவளோ?”

“வருத்தம் அப்பா அது. அவளில்லை.”

“ஓமோம். என்னை நஞ்சு வைக்கிறவன் எண்டது வருத்தம். ஓணானுக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் தண்ணி அடி எண்டுறது மட்டும் அவளோ?”

கிளடிஸ் அவருடைய கோப்பைக்குக் குழம்பை விட்டாள். அவர் அப்படிச் சொன்னாலும், டிசெம்பரில் வீட்டுச் சூட்டுக்குக் காற்று வறண்டு மணிப்பிளாண்ட் கருகத் தொடங்கியபோது, எங்கேயோ போய் ஈரப்புகை விடுகிற ஒரு சின்ன மெசினை வாங்கிவந்து கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

யூட் தேறிவந்தான். கரி நிறம் போய் முதலில் மண்ணிறம், பிறகு பாசி, கிறிஸ்மஸ் மட்டில் இளம்பச்சையில் மஞ்சள் பட்டைகள் தெரிந்தன. அந்த நாட்களில்தான் ஒரு பின்னேரம் கிளடிஸ் கூட்டைத் திறந்தவள் அலறினாள். யூட்டின் உடம்பெல்லாம் வெள்ளையாகப் பொருக்குவெட்டி, முகத்தில் தோல் கந்தலாகத் தொங்கியது. அன்றைக்கு ஷரோனின் அழைப்புக்குக் காத்திராமல் தானே ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். யூட்டுக்குக் கடுமை, உடனே மகளிடம் கொடு என்று பதறினாள். தாதி ஓடிப்போய் ஷரோனைக் கூட்டிவந்தாள்.

“அம்மா, அது தோல் கழட்டுது. வளருறான். ஒண்டும் செய்யாதீங்கோ, உரிக்காதீங்கோ. தண்ணி கொஞ்சம் கூட அடியுங்கோ.”

“நான் குட்டம் பிடிச்சுட்டுது எண்டெல்லோ நினைச்சன்.”

ஷரோன் சிரித்தாள். குட்டம், குட்டம் என்று இரண்டு தரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பள்ளிக்கூட நாளில் சிரிக்கிற சிரிப்பு. கிளடிஸ் தொலைபேசியைக் காதோடு சேர்த்து அமத்திக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டாள்.

“அம்மா, நேர்ஸ் யூட்டை என்ரை தம்பி எண்டு எழுதி வைச்சிருக்கிறா. தம்பிக்கு எப்பிடி எண்டு கேக்கிறா.”

“நீ என்ன சொன்னனி?”

“தோல் கழருது எண்டு சொன்னனான்.”

மறுபடியும் சிரிப்பு. இனிப் பிள்ளை வந்துவிடுவாள் என்று கிளடிஸ் அன்றைக்கு நம்பினாள். றோலருக்கு எதிரில் நின்றவளிடம்கூட, “மகளுக்குச் சுகமாகிக்கொண்டு வருது” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எந்த மகள், என்ன வருத்தம் என்று மற்றவள் கேட்டபோது கிளடிஸ் விரிப்பைக் கைவிட்டாள்.

ஜனவரியில் மருந்தை மாற்றினார்கள். முதல் மருந்து பிடிக்கவில்லை, அவளுக்குக் கேட்கிற குரல்கள் நிற்கவில்லை என்றார்கள். புது மருந்துக்குப் பிறகு ஷரோன் சுவரோடு கதைப்பது நின்றது. தகப்பனைக் கண்டால் முகத்தைத் திருப்புவதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால், கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிடுவாள். பஸ்ரியன் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை வாங்கி, ஒரு கேள்வியுமில்லாமல் குடித்தாள். பஸ்ரியன் எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றார்.

நாலரை அழைப்பும் மாறியது. முதலில் ஐந்து நிமிடமாகியது. கிளடிஸ் சொல்லச் சொல்ல, “ம்” என்றாள். பிறகு இரண்டு நாளைக்கு ஒருக்கால். பிறகு கிளடிஸ் எடுத்தால்தான்.

“இண்டைக்கு ஏழு பூச்சி திண்டவன்.”

“சரி.”

“நாக்கை இவ்வளவு தூரத்துக்கு நீட்டினவன், ஒரு முழம் இருக்கும்.”

“சரி அம்மா.”

“ரியூப் லைட் மாத்தட்டே? ஆறு மாசம் வருகுது.”

“மாத்துங்கோ.”

பெப்ரவரி நடுவில் டொக்டர் இருவரையும் கூப்பிட்டாள். இளம் பெண். அவசரப்படாமல் கதைத்தாள். குரல்கள் அடங்கிவிட்டன, பயம் அடங்கிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றாள். பஸ்ரியன் தன் உடைந்த ஆங்கிலத்தில், பழையபடி வருவாளா என்று கேட்டார். டொக்டர் மேசையில் கையை வைத்துக்கொண்டாள். இல்லாததைக் காண்பது, கேட்பது எல்லாம் மருந்துக்கு அடங்கும் என்றாள். ஆனால் இந்த வருத்தம் ஆசையையும் விருப்பத்தையும் தின்கிற வருத்தம், அதற்கு நல்ல மருந்து இன்னும் இல்லை. மெல்ல மெல்ல ஓரளவு திரும்பலாம், திரும்பாமலும் விடலாம். சோம்பல் என்று நினைத்து ஏசவேண்டாம், மருந்தை மட்டும் நிறுத்த விடவேண்டாம் என்றாள்.

பஸ்ஸில் வரும்போது பஸ்ரியன், “என்ன சொல்லுறா அவ?” என்று கேட்டார்.

“வருவாளாம். மெல்ல மெல்ல வருவாளாம்” என்றாள் கிளடிஸ்.

பெப்ரவரி கடைசியில், வாசலில் இடுப்பளவு பனி குவிந்து கிடந்த நாளில், ஷரோன் வீட்டுக்கு வந்தாள். உடம்பு பெருத்திருந்தாள். கிளடிஸ் யன்னலில் ஒட்டியிருந்த வெள்ளித்தாளையெல்லாம் உரித்து, புது விரிப்பு விரித்து, கூட்டின் வலையைப் பழைய பல்தூரிகையால் தேய்த்து வைத்திருந்தாள். யூட் மேல்தடியில், விளக்குக்குக் கீழே, பச்சைப் பசேலென்று இருந்தான். பிரவீனன் கிளடிஸ் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வடிவான பிராணி தன் கடையிலும் இல்லை என்று சொல்லியிருந்தான்.

ஷரோன் அறை வாசலில் நின்று பார்த்தாள்.

“இன்னும் இருக்கோ?”

“இருக்கிறான் குஞ்சு! பார் எப்பிடி வளந்திட்டான் எண்டு.”

“ம்.” கட்டிலில் சரிந்து சுவர்ப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரத்தால், “அம்மா, அந்த லைட் கண்ணைக் குத்துது” என்றாள்.

பஸ்ரியன் வந்து கூட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே வரவேற்பறைச் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மார்ச் முழுக்க கிளடிஸ் அதைச் சாட்டியே பிள்ளையைக் கீழே கூப்பிட்டாள். வந்து தண்ணி அடி, வந்து பூச்சி போடு. சொன்னால் வருவாள். அடி என்றால் அடிப்பாள், காணும், போதும் என்று சொல்லும்வரை அடித்துக்கொண்டே நிற்பாள். பிறகு சோபாவில் இருப்பாள். தொலைக்காட்சி போட்டால் பார்ப்பாள், நிறுத்தினால் நிறுத்திய திரையைப் பார்ப்பாள்.

“நீ உதைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுறாய். அவள் அங்கையில்லை கிளடிஸ்” என்றார் பஸ்ரியன், மேலே பிள்ளைக்குக் கேட்காமல்.

“வாயைக் கழுவுங்கோ.”

“என்னைப் பாத்துப் பயப்பிடுறாளில்லை. எனக்கு அது காணும். நீயும் காணும் எண்டு இரன்.”

“உங்களுக்குக் காணும். நான் என்ன செய்ய?”

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பூசையால் வந்த கிளடிஸ் சீலை மாற்றாமலே சோபாவுக்கு முன்னால் போய் நின்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு வந்தது.

“ஷரோன், யூட் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. கண்ணும் உள்ள போன மாதிரிக் கிடக்கு. எனக்குப் பயமா இருக்கு. ஒருக்காப் பார்.”

ஷரோன் எழும்பினாள். கூட்டுக்குக் கிட்டப் போனாள். பிள்ளை குனிந்து அடித்தட்டைப் பார்த்தாள். தடியைப் பார்த்தாள். ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றாள்.

“இதுக்கு ஒண்டுமில்லை. கலர் நல்லா இருக்கு. கீழ பீ கிடக்கு, வெள்ளையாத்தான் கிடக்கு. சாப்பிட்டிருக்கு.” திரும்பித் தாயைப் பார்த்தாள். கோபமில்லை. “ஏன் அம்மா பொய் சொல்லுறீங்கள்?”

கிளடிஸ் சோபாவின் விளிம்பில் இருந்தாள்.

“நீ கதைப்பாயெண்டு.”

“என்ன கதைக்க?”

“முந்திப் போனில கதைச்ச மாதிரி. அதைச் செய், இதைச் செய்யாதை எண்டு. சிரிச்சனி. உனக்கு ஞாபகமில்லையோ?”

ஷரோன் பக்கத்தில் வந்து இருந்தாள். விடை சொல்வதற்காக உண்மையாகவே யோசித்தாள். அந்த முகத்தில் ஒளிப்பு இல்லை.

“ஞாபகம் இருக்கு. அம்மா, அப்ப நான் நினைச்சனான், அவன்ரை ஒரு கண் என்னைக் காவல் பாக்குது, மற்றக் கண் என்னைப் பிடிக்க வாறாக்களைப் பாக்குது எண்டு. அவன் செத்தால் அண்டைக்கே என்னைக் கொண்டுபோடுவினம் எண்டு. அதாலைதான் நெடுக எடுத்தனான். அதுவும் வருத்தம்தான் அம்மா.”

“நீ சிரிச்சதும் வருத்தமோ?”

“தெரியேல்லை.”

மேலே பஸ்ரியன் நடக்கிற சத்தம் கேட்டது. பூச்சிப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

“இப்ப உவனை உனக்கு வேண்டாமோ?”

“வேண்டாம் எண்டில்லை. வேணும் எண்டு ஒண்டுமே வருகுதில்லை. யூட் எண்டில்லை, ஒண்டுமே.” தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “குடுக்கிறதெண்டால் குடுங்கோ. நல்லாப் பாக்கிற ஆளாப் பாத்துக் குடுங்கோ.”

கிளடிஸ் பிள்ளையின் கையைப் பிடித்தாள். பிடித்த கை பிடித்தபடியே கிடந்தது. இறுக்கவுமில்லை, இழுக்கவுமில்லை.

அடுத்த சனிக்கிழமை பிரவீனன் காரைச் சூடாக்கி வைத்துவிட்டு வந்தான். தானே வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். பஸ்ரியனும் அவனும் கூட்டைப் போர்வையால் சுற்றித் தூக்கினார்கள். வாசற்கதவை யார் திறப்பது என்று இருவரும் தடுமாற, ஷரோன் சோபாவில் இருந்து எழும்பிவந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரக்காற்று வீட்டுக்குள் அடித்தது. போர்வைக்குள் ஏதோ தடியில் நகங்கள் உரசின.

“தாங்ஸ்” என்றான் பிரவீனன், அவள் யாரென்று தெரியாமல்.

“இட்ஸ் ஓகே” என்றாள் ஷரோன்.

அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று கிளடிஸ் எத்தனையோ நினைத்து வைத்திருந்தாள். எந்தத் தடியில் நித்திரை கொள்வான், எந்தப் பக்கத்தால் கையைக் கொண்டுபோனால் கறுக்கமாட்டான், எல்லாம். “குளிர் படாமல் கொண்டுபோ தம்பி” என்று மட்டும் சொன்னாள். கார் போன பிறகு ஷரோன் கதவைச் சாத்தி, கொளுக்கியைப் போட்டு, போய் இருந்த இடத்திலேயே இருந்தாள். பஸ்ரியன் வெளியில், உருகாமல் எஞ்சிக் கிடந்த அழுக்குப் பனியைத் தேவையில்லாமல் கொத்திக்கொண்டு நின்றார்.

பின்னேரம் கிளடிஸ் புட்டு அவித்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, முட்டை பொரித்தாள். சோபா மூலையில் கூடு நின்ற இடத்தில் கம்பளம் சதுரமாக அமிழ்ந்து வேறு நிறமாகத் தெரிந்தது. அதைத் தாண்டித்தான் மேசைக்கு வரவேண்டும். ஷரோன் அதன்மேல் கால் வைத்து நடந்துவந்து கதிரையில் இருந்தாள்.

“பசிக்குதோ?”

“தெரியேல்லை. நேரமாச்சோ?”

“ஆறு மணி.”

“அப்ப சாப்பிடுவம்.”

கிளடிஸ் இரண்டு அகப்பை புட்டுப் போட்டு, கறியை விட்டு, முட்டையை வைத்தாள். ஷரோன் ஒரே அளவாகக் குழைத்து, ஒரே அளவாக வாயில் வைத்துச் சாப்பிட்டாள். கோப்பை வெறுமையானதும் கையை அதன் நடுவில் வைத்துக்கொண்டு இருந்தாள். எழும்பவுமில்லை, கேட்கவுமில்லை.

“இன்னும் கொஞ்சம் போடட்டே?”

ஷரோன் தாயை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு உதவி செய்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்:

“உங்களுக்கு எப்பிடியோ, அப்பிடி.”

கிளடிஸ் அகப்பையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போட்டாள்.